மைக்கேல் விக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கிற யாரும் கொஞ்ச நாளிலேயே மைக்கேல் விக் என்ற பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். அவரைப் போல் ஓடிய குவாட்டர்பேக் கிடையாது என்று ஒருவர் சொல்வார். நாய்களைக் கொன்றவன் பேச்சையே எடுக்காதே என்று அடுத்தவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பெரும்பாலானவர்கள் இதை முதலில் எழுச்சி, அப்புறம் வீழ்ச்சி என்று இரண்டு பாகமாகச் சொல்கிறார்கள், அது தப்பு என்பது என் கருத்து. ஏன் என்று கீழே வருகிறது.

யார் இவர், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1980-இல் வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரத்தில் பிறந்த இடதுகை குவாட்டர்பேக். 2001 முதல் 2006 வரை, அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இல், அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் முகமாக இருந்தார். 2007-இல் நாய்ச் சண்டை நடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2009-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது, கடைசியில் ஜெட்ஸ், ஸ்டீலர்ஸ் அணிகளில் ஒவ்வொரு பருவம். 2015-க்குப் பிறகு ஆடவில்லை, 2017-இல் ஓய்வை அறிவித்தார்.

எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. அப்படி என்ன விசேஷம் இவரிடம்?

ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும்போது பந்து குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். முன்னால் ஐந்து மலைபோன்ற ஆட்கள் அரண் கட்டி நிற்பார்கள், அவர் அந்த அரணுக்குப் பின்னால் இரண்டு மூன்று நொடிகள் நின்று யாருக்கு எறிவது என்று முடிவுசெய்ய வேண்டும். அரண் உடைந்தால்தான் ஓடுவார். பல பத்தாண்டுகளாகக் குவாட்டர்பேக் ஓடுவது என்பது வேறு வழியில்லாத கட்டத்தில் செய்வது, அவ்வளவுதான்.

விக் அதைத் தலைகீழாக்கினார். அரண் உடைந்தபின் தான் ஆபத்தே ஆரம்பிக்கும், எதிரணிக்கு. 2002 டிசம்பர் 1-ஆம் தேதி மினசோட்டா வைகிங்ஸுடன் ஆடிய ஆட்டத்தை எப்படியாவது தேடிப் பாருங்கள். 24-24 என்று சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டம். பந்தை வாங்கி எறிவதற்கு ஆள் தேடுகிறார், யாரும் இல்லை, இடதுபக்கம் கிளம்புகிறார். இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் பாய்கிறார்கள், விக் நடுவில் புகுந்து போய்விடுகிறார், அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டு விழுகிறார்கள். 46 யார்டு ஓட்டம், ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு மட்டும் பத்தே ஓட்டத்தில் 173 யார்டு, அந்தக் காலத்தில் ஒரு குவாட்டர்பேக் ஒரே ஆட்டத்தில் ஓடியதிலேயே அதிகம். ஓட்டம் மட்டுமா, மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்கினால் பந்து அறுபது யார்டு தாண்டிப் போகும், அதுவும் ஓடிக்கொண்டே.

குறையும் இருந்தது. குறிபார்த்து எறிவதில் அவர் சுமார்தான். 2006-இல் 1,039 யார்டு ஓடி, ஒரே பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் குவாட்டர்பேக் ஆனார், ஆனால் அதே பருவத்தில் எறிந்த பந்துகளில் பாதிக்குச் சற்று மேல்தான் தன் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அட்லாண்டாவில் இருந்தவரை உழைப்பு போதவில்லை, எதிரணியின் ஆட்டப்பதிவுகளை உட்கார்ந்து படிக்கவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த உழைப்பும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 2010-இல் ஒரு பருவம் பார்த்தோம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்படிப்பட்ட சூழ்நிலையில் வளர்ந்தார்?

நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் ஊர். அதன் கிழக்குப் பகுதியில் ரிட்லி சர்க்கிள் என்ற அரசுக் குடியிருப்பு, வறுமை, போதைமருந்து, துப்பாக்கிச் சத்தம். அந்த ஊர்க்காரர்களே ஊர்ப்பெயரைத் திரித்து 'பேட் நியூஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் திரும்ப வரும். மீன் மாட்டாது என்று தெரிந்தாலும் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அந்தச் சத்தத்திலிருந்து தள்ளி இருப்பதற்காக என்று விக் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே குடியிருப்பில்தான் சிறுவனாக இருக்கும்போதே நாய்ச் சண்டை பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

பள்ளிப் பயிற்சியாளர் டாமி ரீமன் அவரைச் செதுக்கினார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் களமிறங்கிய முதல் பருவத்திலேயே, 1999-இல், அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 11-0 என்று தேசிய இறுதியாட்டம் வரை போனது. இறுதியில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 46-29 என்று தோற்றார்கள், ஆனால் அன்றைக்கு மைதானத்தில் எல்லார் கண்ணும் தோற்ற அணியின் பத்தொன்பது வயதுப் பையன்மேல்தான்.

2001 டிராஃப்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள் அது. அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் விக்தான். கறுப்பினத்தவர்களுக்கு வேகம் உண்டு, ஆனால் அணியை வழிநடத்தும் மூளை இல்லை என்ற அசிங்கமான எண்ணம் அந்த லீகில் பல பத்தாண்டு ஊறிக்கிடந்தது, கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடிய எத்தனையோ பேரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் அட்லாண்டா மாதிரி ஒரு தென்மாநில நகரத்தில், கறுப்பின மக்கள் நிறைய வாழும் நகரத்தில், விக் போட்ட 7-ஆம் எண் ஜெர்சி வெறும் விளையாட்டுச் சட்டையாக இருக்கவில்லை. முதல் இடத்தைப் பிடிக்க ஃபால்கன்ஸ், சான்டியேகோ சார்ஜர்ஸோடு பேரம் பேசித் தங்கள் இடங்களை விட்டுக்கொடுத்தது.

இதே 2001-இல்தான் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் மூன்லைட் ரோடு என்ற கிராமத்துச் சாலையில் 15 ஏக்கர் நிலம் ஒன்றை விக் வாங்கினார். நாய் வளர்க்கும் கூடம் அங்கே எழுந்தது, அதற்கு 'பேட் நியூஸ் கென்னல்ஸ்' என்று பெயர். மேலே சொன்ன எழுச்சி-வீழ்ச்சி விஷயம் இதுதான். புகழும் கொடுமையும் ஒரே வருஷத்தில் ஆரம்பித்து ஆறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கைதட்டிக்கொண்டிருந்தபோதே மரங்களுக்குப் பின்னால் அது நடந்துகொண்டிருந்தது. 2007-இல் அவர் கெட்டுப்போகவில்லை, 2007-இல் நமக்குத் தெரிந்தது.

அட்லாண்டாவில் என்ன சாதித்தார்?

2003 ஜனவரியில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்தில், பனியில், 27-7 என்று தோற்கடித்தார். அதுவரை பேக்கர்ஸ் சொந்த ஊரில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட, அதாவது பருவ முடிவில் தோற்றால் வெளியே போகவேண்டிய ஆட்டம்கூட, தோற்றதில்லை. 2004 பருவத்தில் அணியை லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்வரை கொண்டுபோனார், அங்கே ஈகிள்ஸிடம் தோல்வி. அந்த டிசம்பரில் 10 வருஷத்துக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம், அப்போது லீகிலேயே பெரியது. நைக்கி காலணி, மேடன் என்ற ஃபுட்பால் வீடியோ கேமின் அட்டை. அந்த 2004 பதிப்பில் விக்கை எடுத்து ஆடினால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவு வேகம் கொடுத்திருந்தார்கள்.

முன்கூட்டியே ஏதாவது அறிகுறி தெரிந்ததா?

சின்னச் சின்னதாகத் தெரிந்தது. 2006-இல் சொந்த மைதானத்தில் தோற்றுத் திரும்பும்போது கூச்சலிட்ட ரசிகர்களைப் பார்த்து ஆபாசமாக விரலைக் காட்டி அபராதம் கட்டினார். 2007 ஜனவரியில் மயாமி விமான நிலையத்தில் ரகசிய அறை வைத்த தண்ணீர் பாட்டிலோடு வந்து பேசப்பட்டார், போதைப்பொருள் எதுவும் இல்லை என்று வழக்கு இல்லாமல் போனது. சின்ன வயதுக் கூட்டாளிகள் எப்போதும் கூடவே இருந்தார்கள், அவர்களை விட்டு விலகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், ஆட்டத்தில் ஜெயிக்கும்வரை, தட்டிக்கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. காலொடிந்து கிடந்த 2003-இல் அணியின் உரிமையாளர் ஆர்தர் பிளாங்கே அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அன்பில் செய்ததுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதலாளியே நாற்காலி தள்ளும் இடத்தில் ஊழியனிடம் யார் போய்க் கேள்வி கேட்பார்கள்?

மூன்லைட் ரோட்டில் என்ன கண்டுபிடித்தார்கள்?

2007 ஏப்ரல் 25. விக்கின் உறவுக்காரர் ஒருவர் போதைப்பொருள் விஷயத்தில் மாட்டி, கொடுத்த முகவரி இந்த வீடு. போலீஸ் போதைமருந்து தேடித்தான் போனது. முன்னால் வெள்ளையடித்த பெரிய வீடு, பின்னால் மரங்களுக்கு நடுவில் கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள், இரவில் சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி. அறுபதுக்கும் மேற்பட்ட நாய்கள், பெரும்பாலும் பிட்புல்கள். பல நாய்களைக் கார் அச்சு ஒன்றை மண்ணில் புதைத்து, அதில் கனமான சங்கிலியால் கட்டியிருந்தார்கள். பக்கத்து நாய் கண்ணுக்குத் தெரியும், எட்டாது. நாளெல்லாம் அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உள்ளே நாய்களை ஓடவைத்து மூச்சைத் தேற்றும் டிரெட்மில், ரத்தக்கறை, கடித்த பிடியை விடாத நாயின் வாயைப் பிளக்கும் கட்டை.

ஜூன், ஜூலையில் மத்திய அரசின் அதிகாரிகள் போய்த் தோண்டியபோது புதைத்த நாய்களின் எலும்புகள் கிடைத்தன. சண்டையில் தோற்ற அல்லது சோதனையில் ஆவேசம் காட்டாத நாய்களைச் சுட்டும், தூக்கில் தொங்கவிட்டும், தண்ணீரில் அமுக்கியும், மின்சாரம் பாய்ச்சியும், தரையில் அறைந்தும் கொன்றிருக்கிறார்கள் என்பது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவ்வளவாவது சொல்லாமல் 'நாய்ச் சண்டை வழக்கு' என்று இரண்டு வார்த்தையில் கடந்துபோவது அந்த விலங்குகளுக்குச் செய்கிற அநியாயம்.

இவர் காசு மட்டும்தானே கொடுத்தார்? செய்தது கூட்டாளிகள்தானே?

இல்லை. இந்தச் சப்பைக்கட்டு இன்றைக்கும் ஓடுகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான பணம் அவருடையது என்பது உண்மை. ஆனால் நாய்களைக் கொன்றதில் தன் பங்கும் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். விசாரணையில் அதைப்பற்றிப் பொய் சொல்லி, பொய் கண்டறியும் சோதனையிலும் மாட்டிக்கொண்டார்.

உடனே ஒப்புக்கொண்டாரா?

அதுவும் இல்லை. சோதனை நடந்த சில நாளில் லீகின் ஆணையர் ராஜர் குடெல்லை நேரில் பார்த்து, எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். பத்திரிகைகளிடம் நான் அந்த வீட்டுக்குப் போவதே இல்லை, உறவுக்காரர்கள் செய்த வேலை என்று பழியைத் தூக்கி அவர்கள்மேல் போட்டார். ஜூலை 17-ஆம் தேதி அவர்மேலும் மூன்று கூட்டாளிகள்மேலும் குற்றச்சாட்டு பதிவானது. கூட்டாளிகள் ஒவ்வொருவராக அரசுத் தரப்புக்குப் போனார்கள். கடைசியாக மாட்டியவர் விக். ஆகஸ்ட் 27-ஆம் தேதி ரிச்மண்ட் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, வெளியே வந்து, கையில் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் மன்னிப்புக் கேட்டார். வேறு வழியே இல்லாத நிலையில் கேட்ட மன்னிப்பு அது, அன்றைக்கு நான் அதை நம்பவில்லை.

23 மாதம் ஏன்? குறைவா, அதிகமா?

குற்றம் மாநில எல்லை தாண்டிச் சூதாட்டமும் நாய்ச் சண்டையும் நடத்தச் சதி செய்தது. அதிகபட்சம் 5 வருஷம். வழிகாட்டுக் கணக்குப்படி 12 முதல் 18 மாதம் வரவேண்டியது. 2007 டிசம்பர் 10-ஆம் தேதி நீதிபதி ஹென்றி ஹட்சன் 23 மாதம் கொடுத்தார். ஜாமீனில் இருந்தபோது கஞ்சா சோதனையில் மாட்டியதும், விசாரணையில் உண்மையை மறைத்ததும் சேர்ந்துகொண்டன. கூட்டாளிகளில் ஒருவருக்கு 21, இன்னொருவருக்கு 18, முதலில் வாயைத் திறந்தவருக்கு இரண்டே மாதம். தீர்ப்பு வந்த அன்றிரவு ஃபால்கன்ஸ் ஆடித் தோற்றது, மறுநாளே அதன் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே ராஜினாமா செய்துவிட்டு ஒரு கல்லூரி வேலைக்குப் போய்விட்டார். ஒரு ஆளை மட்டும் நம்பிக் கட்டிய அணி சரிந்தது இப்படித்தான்.

குறைவா அதிகமா என்றால், நாய்களைக் கொன்றதற்காக மட்டும் தனியாக அவர் சிறையில் இருக்கவில்லை என்பதைத்தான் நான் சொல்வேன். மாநில வழக்கில் கிடைத்த 3 வருஷம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

சம்பாதித்த பணம் எல்லாம் எங்கே போனது?

சம்பளம் நின்றது, நைக்கி ஒப்பந்தத்தை முறித்தது, அணி கொடுத்த போனஸைத் திருப்பிக் கேட்டது. வீடுகள், கார்கள், படகுகள், சரியாகப் பார்க்காமல் போட்ட முதலீடுகள், இவரை நம்பி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய கூட்டம். 2008 ஜூலையில், கன்சாஸ் மாநில லெவன்வர்த் சிறையில் இருந்தபடியே மஞ்சள் கடுதாசி கொடுத்தார். சிறையில் அவருக்குத் தரை துடைக்கும் வேலை, கூலி மணிக்கு சில சென்ட்கள்.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டு மிச்சக் கடனைக் கழுவிவிடும் வழி சட்டத்தில் இருக்கிறது. விக் எடுத்தது வருங்காலச் சம்பளத்திலிருந்து கடனைத் தீர்க்கும் வழி. நீதிபதி முதலில் அந்தத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தார், லீகுக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதே என்று. திருத்தி எழுதிக் கொடுத்து, பின்னால் ஈகிள்ஸில் வாங்கிய சம்பளத்தின் பெரும்பகுதியை வருஷா வருஷம் கடன்காரர்களுக்குக் கட்டினார். மொத்தம் ஒன்றே முக்கால் கோடி டாலருக்கும் மேல்.

அந்த நாய்கள் என்ன ஆயின?

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி இது, ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை.

அதற்குமுன் இருந்த வழக்கம் இதுதான்: சண்டைக் கூடத்தில் பிடிபட்ட நாய்கள் வழக்கில் சாட்சிப் பொருள். வழக்கு முடியும்வரை கூண்டில், முடிந்ததும் ஊசி. சண்டைக்குப் பழகிய நாய் திருந்தாது என்று எல்லாரும் நம்பினார்கள். ஹ்யூமேன் சொசைட்டி, பேட்டா போன்ற பெரிய விலங்குநல அமைப்புகளே இந்த நாய்களையும் கருணைக்கொலை செய்துவிடச் சொன்னார்கள்.

ஆனால் நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்க நிபுணர்களை அனுப்பியது. சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் அந்த நாய்களின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். ஆளைக் காட்டி, பொம்மையைக் காட்டி, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்து, இன்னொரு நாயை எதிரில் கொண்டுவந்து பார்த்தார்கள். எதிர்பார்த்தது வெறிபிடித்த கூட்டத்தை. பார்த்தது பயத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்த நாய்களை. பல நாய்களுக்கு மாடிப்படி என்றால் என்ன, வீட்டுத் தரை என்றால் என்ன என்றே தெரியவில்லை. சண்டைக் குணத்துக்காகக் கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். 51 பிட்புல்களில் 47 பிழைத்தன. பராமரிப்புச் செலவுக்காக விக் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. தண்டனையிலேயே உருப்படியான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

மிகவும் கஷ்டமான 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. அதில் லூகாஸ் என்ற நாய் பல சண்டை ஜெயித்த சாம்பியன். முகமெல்லாம் தழும்பு, ஆனால் மனிதர்களைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு வரும். நீதிமன்ற உத்தரவால் கடைசிவரை வெளியே தத்துக் கொடுக்க முடியாமல் அங்கேயே வாழ்ந்தது. கலிஃபோர்னியாவுக்குப் போன ஜானி ஜஸ்டிஸ் என்ற கறுப்பு வெள்ளை நாய், வாசிக்கத் தயங்கும் குழந்தைகளுக்குத் துணையாக நூலகத்தில் உட்காரும் வேலைக்குப் பழக்கப்பட்டது. குழந்தை புத்தகத்தை எடுத்துத் தட்டுத் தடுமாறி வாசிக்கும், ஜானி பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். லியோ என்ற இன்னொரு நாய் புற்றுநோய் நோயாளிகளைப் பார்க்கப் போனது.

2009-இல் ஹ்யூமேன் சொசைட்டியே தன் கொள்கையை மாற்றி, பிடிபடும் ஒவ்வொரு நாயையும் தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. அதற்கப்புறம் பிடிபட்ட எத்தனையோ நாய்கள் உயிரோடு வெளியே வந்ததற்கு இந்த 47 நாய்கள்தான் காரணம். விக் இல்லை. இதை விக்கின் கணக்கில் வரவு வைக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

நாய்க்காக ஒரு மனிதனின் வாழ்க்கையையே அழிக்கலாமா? மனிதனைக் கொன்றவர்களே தப்பிக்கிறார்களே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2009-இல் டான்டே ஸ்டால்வர்த் என்ற வீரர் குடித்துவிட்டுக் காரோட்டி ஒருவரைக் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, குடும்பத்தோடு பணத்தில் தீர்வு கண்டு, 30 நாள் சிறை, ஒரு பருவம் தடை. 2014-இல் ரே ரைஸ் என்ற வீரர் தன் வருங்கால மனைவியை அடித்ததற்கு லீக் முதலில் கொடுத்தது இரண்டே ஆட்டத் தடை, காணொளி வெளியே வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். பெண்கள்மேல் கை வைத்தவர்களை அந்த லீக் வருஷக்கணக்கில் கண்டும் காணாமல் விட்டது.

ஆனால் அதற்குப் பதில் அவர்களுக்கும் கடுமையாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான், விக்கை விட்டிருக்க வேண்டும் என்பது இல்லை. ஸ்டால்வர்த் செய்தது ஒரு காலைப்பொழுதின் பொறுப்பின்மை. விக் செய்தது ஆறு வருஷம் நிலம் வாங்கி, கொட்டகை கட்டி, ஆள் வைத்துத் திட்டம்போட்டுச் செய்தது.

கறுப்பினத்தவர் என்பதால்தான் இவ்வளவு வெறுப்பா?

வழக்கு அதனால் வரவில்லை, ஆதாரம் மலையாகக் கிடந்தது. ஆனால் வெறுப்பின் அளவில் நிறம் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆரம்பத்திலிருந்தே அவர் தோற்க வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இது நல்ல சாக்கு. அட்லாண்டாவில் வெள்ளையர்களும் கறுப்பினத்தவர்களும் இதே வழக்கை வேறு வேறாகப் பார்த்தார்கள், காரணமில்லாமல் இல்லை: நீதிமன்றங்கள் தங்கள் பிள்ளைகளை எப்படி நடத்துகின்றன என்பதைத் தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு இன்னொரு கறுப்பின இளைஞன் விலங்கோடு போவது வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நியாயமானது. அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நாய்களைப் பற்றிப் பேசவே கூடாது என்பது நியாயமில்லை.

எப்படித் திரும்பி வந்தார்?

2009 மே மாதம் சிறையிலிருந்து வீட்டுக்காவல், ஜூலையில் விடுதலை, அந்த மாதமே லீக் நிபந்தனையோடு அனுமதி. பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற டோனி டன்ஜி சிறைக்கே போய்ப் பார்த்து வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் ஈகிள்ஸ் எடுத்தது. அணி அலுவலகத்துக்கு வெளியே மக்கள் நாய்களோடு வந்து போராடினார்கள்.

முதல் வருஷம் பெஞ்சுதான். 2010 முதல் ஆட்டத்தில் அணியின் முதல் குவாட்டர்பேக் கெவின் கோல்புக்குத் தலையில் அடிபட, விக் உள்ளே வந்தார், நடுவில் காயத்தால் சில ஆட்டம் தவறினாலும் அந்த இடத்தை அவரே பிடித்துக்கொண்டார். நவம்பர் 15, வாஷிங்டனுக்கு எதிராக முதல் எறியே டிஷான் ஜாக்சனுக்கு 88 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது). அன்றிரவு 333 யார்டு எறிந்து, 80 யார்டு ஓடி, எறிந்து நான்கு, ஓடி இரண்டு என ஆறு டச்டவுன், 59-28. டிசம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் கடைசிக் கால்பகுதியில் 31-10 என்று பின்தங்கி 38-31 என்று ஜெயித்தார்கள். பருவம் முழுவதும் 21 டச்டவுன் எறிந்தார், அவர் எறிந்ததில் எதிரணி பிடித்தது ஆறே பந்து. பழைய வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் இப்போது படித்துவிட்டு ஆடினார், அரணுக்குப் பின்னால் பொறுமையாக நின்றார். அந்த வருஷத்தின் சிறந்த மறுவருகை வீரர் விருதும் கிடைத்தது. அதிபர் ஒபாமா அணியின் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து இன்னொரு வாய்ப்பு கொடுத்ததற்காகப் பாராட்டினார்.

2011-இல் 6 வருஷம் 10 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்கப்புறம் காயம், பந்தைத் தவறவிடுதல், தோல்வி. 2013-இல் நிக் ஃபோல்ஸ் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையிலேயே திருந்தினாரா?

மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது, செய்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் வருஷக்கணக்கில் நாய்ச் சண்டைக்கு எதிராகப் பேசினார், நிபந்தனைக் காலம் முடிந்த பின்னும் பேசினார். விலங்குவதைச் சட்டங்களைக் கடுமையாக்க ஆதரவு கொடுத்தார். கடனைக் கட்டினார். மறுபடியும் எந்த வழக்கிலும் சிக்கவில்லை. நன்னடத்தைக் காலம் முடிந்ததும் 2012-இல் பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு நாய் வாங்கினார், அது இன்னொரு கூச்சலைக் கிளப்பியது. எனக்கு அதில் இன்றும் சங்கடம் உண்டு, சட்டப்படி தடையில்லை என்றாலும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தார், அதற்குப் பிறகு அவர் வேலை பார்ப்பதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவரைக் கொண்டாட வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை. 2017-இல் வர்ஜீனியா டெக் அவரைத் தன் புகழ்க்கூடத்தில் சேர்த்தபோது எதிர்ப்புத் தெரிவித்தவர்களை 'மன்னிக்கத் தெரியாதவர்கள்' என்று திட்டினார்கள். வேலை வேறு, மாலை மரியாதை வேறு.

அந்த வீடு இப்போது?

2011-இல் 'டாக்ஸ் டிசர்வ் பெட்டர்' என்ற அமைப்பு வாங்கி, சங்கிலியில் கட்டி வைக்கப்பட்ட நாய்களை மீட்டுத் தேற்றும் இடமாக மாற்றியது. 'பேட் நியூஸ்' இருந்த இடத்துக்கு 'குட் நியூஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

விக் இப்போது என்ன செய்கிறார்? சாதனை இன்னும் நிற்கிறதா?

டிவியில் பல வருஷம் ஆட்டத்தை அலசிக்கொண்டிருந்தார். 2024 டிசம்பரில், பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. கறுப்பின மாணவர்களுக்காக உருவான பல்கலைக்கழகம் அது. அதே மாதம், கிறிஸ்துமஸ் அன்று, பால்டிமோர் வீரர் லமார் ஜாக்சன், குவாட்டர்பேக்குகள் ஓடியதில் விக் வைத்திருந்த 6,109 யார்டு சாதனையைத் தாண்டினார். சின்ன வயதில் விக்கைப் பார்த்து, வீடியோ கேமில் விக்கை எடுத்து ஆடி வளர்ந்த தலைமுறை அது. இன்றைக்கு ஓடத் தெரியாத குவாட்டர்பேக்கை எடுக்கத்தான் அணிகள் யோசிக்கின்றன.

பயிற்சியாளர் வேலை சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ரிட்லி சர்க்கிள் மாதிரி இடங்களிலிருந்து வரும் இருபது வயதுப் பையன்களிடம், கூட இருப்பவன் சொல்கிறான் என்று செய்யாதே, போலீஸ் வந்தால் பொய் சொல்லாதே, கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படி என்று சொல்ல இவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம். அந்தப் பையன்களில் யாராவது மூன்லைட் ரோட்டைப் பற்றிக் கேட்டால், உறவுக்காரர்கள்மேல் பழி போடாமல், தன் கையால் செய்ததையும் சேர்த்து முழுசாகச் சொல்ல வேண்டும். எனக்கு அவரிடம் இருக்கும் ஒரே எதிர்பார்ப்பு அது.